பொது அடுப்பும் ஆய்வுக்கூடமும்

(சேத்தியாத்தோப்பில் விவசாயிகள், சமையல்காரர்கள், வேளாண்மை மாணவர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நேராகப் பேச்சுக்கு வந்துவிடுகிறேன். ஒரு நெல் ரகம் நல்லதா இல்லையா என்று யார் சொல்ல வேண்டும்? என் வயலைக் கேளுங்கள் என்பார் விவசாயி. என் ஆய்வுக்கூடத்தைக் கேளுங்கள் என்பார் விஞ்ஞானி. இரண்டு பேரும் ஒரே கூடத்தில் உட்காருவது உண்டு. அதற்குப் பயிற்சி முகாம் என்று பெயர். அங்கே ஒருவர் பேசுவார், மற்றவர் கேட்பார். பேசுகிறவர் எப்போதும் பேசுகிறவராகவே இருப்பார், கேட்கிறவர் எப்போதும் கேட்கிறவராகவே இருப்பார். ஐம்பது அறுபது வருஷமாக இப்படித்தான் நடக்கிறது.

இருவரும் சமமாக நிற்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. ஊர் கூடிச் சமைக்கிற அடுப்படிதான் அது. அண்டாவில் அரிசி கொதிக்கும்போது பட்டமும் செல்லாது, பட்டாவும் செல்லாது. சோறு குழைந்தால் எல்லாருக்கும்தான் குழைந்தது. உழவர் அறிவையும் விஞ்ஞானத்தையும் சேர்த்துவைக்கிற வேலையை அந்த அடுப்படியில்தான் தொடங்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். இன்று அதைத்தான் உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

இதைப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. தெற்கே வீராணம் ஏரி, பக்கத்திலேயே வெள்ளாற்று அணைக்கட்டு, வடக்கே போனால் வடலூர். 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி வள்ளலார் அங்கே பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலையைத் தொடங்கினார். 21 அடி நீள அடுப்பு. அன்று மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையவில்லை. தாது வருஷப் பஞ்சம் 1876இல் வந்தபோது அந்த அடுப்புக்கு ஒன்பது வயது. பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தைக் கொடுத்தார்கள், அதன்பேரில் அங்கே ஞான சபையும் தருமச்சாலையும் எழுந்தன. அரிசியும் காய்கறியும் அன்பர்கள் கொண்டுவந்து கொடுப்பது, இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

அந்த அடுப்பைப் பக்தியோடு பார்ப்பவர்கள் பலர். எனக்கும் அந்தப் பக்தி உண்டு. கூடவே இன்னொன்றையும் பார்க்கச் சொல்கிறேன். காணிக்கையாக வந்த அரிசியில் சமைக்கிற எந்தப் பொது அடுப்படிக்கும் பல ஊர் மண்ணின் அரிசி வந்து சேரும். ஒரு மூட்டை போன தை மாதத்தது, ஒரு மூட்டை போன வாரம் அரைத்தது. ஒன்று பச்சரிசி, ஒன்று புழுங்கல். ஒன்று சன்னம், ஒன்று குண்டு. மூட்டையைப் பிரித்ததும் சமையல்காரர் ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் தேய்ப்பார், மோந்து பார்ப்பார், இரண்டு அரிசியை வாயில் போட்டுக் கடிப்பார். அப்புறம்தான் உலைத் தண்ணீர் எவ்வளவு என்று சொல்வார். "இது புது அரிசி, தண்ணியைக் குறை" என்று அவர் சொல்கிற அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் பெரிய வேதியியல் இருக்கிறது.

நெல் நாலைந்து மாதம் மூட்டையில் கிடக்கும்போது அரிசிக்குள் இருக்கும் புரதம் இறுகுகிறது. கொழுப்பு மெல்லச் சிதைகிறது. மாவுச்சத்துத் துகள்கள் லேசில் உடையாத நிலைக்கு வருகின்றன. அதனால்தான் பழைய அரிசி தண்ணீரை நிறையக் குடிக்கிறது, பருக்கை பருக்கையாக நிற்கிறது, கஞ்சியில் குறைவாகக் கரைகிறது. இதை விஞ்ஞானம் கண்டுபிடித்தது போன நூற்றாண்டில். "பழைய அரிசிதான் சோறு காணும்" என்று நம் வீட்டுப் பெண்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கணக்குப் போட்டு மூட்டையை அடுக்கிவைத்தார்கள்.

ஆனால் ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. அதையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். எப்படி என்பது அவர்களிடம் இருந்தது, ஏன் என்பது ஆய்வுக்கூடத்தில் இருந்தது. இரண்டும் சந்திக்காமல் போனதால் நாம் பட்ட நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆய்வுக்கூடத்தில் ஓர் அரிசியின் சமையல் குணத்தை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? தீட்டிய அரிசியில் ஆறு மணியை எடுத்து ஒரு சின்னத் தட்டில் வைப்பார்கள். 1.7 சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த தண்ணீரை ஊற்றி 23 மணி நேரம் அப்படியே விடுவார்கள். மறுநாள் வந்து பார்த்தால் சில ரகத்து அரிசி பூவாக விரிந்து கரைந்திருக்கும். சில ரகத்தில் ஓரம் மட்டும் வெடித்திருக்கும். சிலது வைத்தபடி இருக்கும். ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண் போடுவார்கள். கரைகிற அரிசி 70 டிகிரிக்குக் கீழேயே வெந்துவிடும் வகை, அசையாமல் கிடப்பது 74 டிகிரிக்கு மேல் கேட்கும் வகை. அப்புறம் அயோடின் போட்டு நிறம் பார்த்து அமைலோஸ் என்ற மாவுச்சத்தின் அளவைக் கணக்கிடுவார்கள். 25 சதவீதத்துக்கு மேல் போனால் சோறு உதிரியாக வரும், ஆறினால் விறைக்கும். 20க்கும் 25க்கும் நடுவில் இருந்தால் ஆறின பிறகும் மெத்தென்று இருக்கும். அதற்கும் கீழே போனால் ஒட்டும்.

அருமையான சோதனைகள் இவை. புது ரகம் உருவாக்குகிறவர் கையில் ஆரம்பத்தில் இருப்பது சில கிராம் அரிசிதான். அந்தச் சில கிராமை வைத்துக்கொண்டு பல நூறு செடிகளில் எது தேறும், எது தேறாது என்று சல்லடை போட இதைவிட நல்ல வழி இல்லை. மாணவர்கள் இதை நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் ஆறு அரிசி சொல்கிற செய்தி வேறு, 50 கிலோ அரிசி ஒரே அண்டாவில் கிடக்கும்போது சொல்கிற செய்தி வேறு. பல ஊர் அரிசி கலந்து வந்தால் ஒரு பங்கு குழைந்த பிறகும் இன்னொரு பங்கு நடுவில் நரநரவென்று இருப்பது ஏன் என்று ஆய்வுக்கூடத்து எண் விளக்கிவிடும். அதை முதலில் பார்த்தது அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவர்.

இந்தச் சந்திப்பு நடக்காமல் போனதற்குப் பெரிய உதாரணம் ஐ.ஆர். 8. 1966இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகம். குட்டைப் பயிர், சாயாது, உரம் போட்டால் அத்தனையையும் நெல்லாக்கிக் கொடுக்கும். தமிழ்நாட்டில் ஒரு விவசாயி தன் மகனுக்கே அந்த ரகத்தின் பெயரை வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பசி தீர்த்த நெல் அது, அதைப் பழிக்க எனக்கு வாய் வராது. ஆனால் சோறு? அமைலோஸ் அதிகம். அரிசியின் வயிற்றில் வெள்ளை. சூட்டோடு சாப்பிட்டால் சரி, ஆறினால் விறைத்துப் போகும். காலையில் பொங்கி மதியம் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஜனத்துக்கு ஆறின சோறுதான் சாப்பாடு. சந்தையில் அதற்கு விலை குறைந்தது. விதையை வெளியிடுவதற்கு முன் நம் நடவு ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு ஒருவேளைச் சோறு போட்டிருந்தால், அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

விஞ்ஞானம் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து வந்த ரகங்களில் சமையல் குணத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். நம் பக்கத்தில் வெகுகாலம் ஓடிய ஐ.ஆர். 20இன் ரத்தத்தில் நம் ஊர் ரத்தம் இருக்கிறது. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921இல் வெளியிட்ட ஜி.இ.பி. 24 என்ற சன்ன ரகத்தைக் கிச்சிலிச் சம்பா என்றே ஜனங்கள் சொன்னார்கள். சோற்றுக்குப் பேர்போனது. அதன் வாரிசு டி.கே.எம். 6, அதன் வாரிசு ஐ.ஆர். 20.

இப்போது நெல் அவிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் உழவர் வீட்டு அடுப்படியும் விஞ்ஞானமும் நேருக்கு நேர் சந்தித்த மிகப் பெரிய சம்பவம் இந்த மண்ணில்தான் நடந்தது.

நெல் அவிப்பதை இளைஞர்கள் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். ராத்திரி தொட்டியில் நெல்லை ஊறப் போடுவார்கள். விடியற்காலையில் பெரிய அண்டாவில் அடியில் கொஞ்சம் தண்ணீர் வைத்து, ஊறின நெல்லைக் கொட்டி, மேலே சாக்கு போட்டு மூடி எரிப்பார்கள். விறகு போடுகிறவர் ஒருவர், சாக்கை விலக்கிப் பார்க்கிறவர் ஒருவர். ஆவி மேலே வந்து நெல் வாய் பிளந்ததும் உடனே இறக்க வேண்டும். தாமதித்தால் அரிசி சிவந்துவிடும், அவசரப்பட்டால் நடுவில் வெள்ளை நிற்கும். அப்புறம் களத்தில் கொட்டிக் காலால் வரி வரியாகக் கிளறிக் காயவைப்பார்கள். ஒரு வீட்டுக்காரர் மட்டும் செய்கிற வேலை இல்லை அது. நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்துதான் செய்வார்கள், இன்று உனக்கு, நாளை எனக்கு என்று.

இதனால் என்ன லாபம்? நெல் ஊறி அவியும்போது தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கும் பி வகைச் சத்துகள் தண்ணீரோடு அரிசிக்குள்ளே இறங்குகின்றன. வெந்த மாவுச்சத்து அவற்றை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. அப்புறம் மில்லில் எவ்வளவு தீட்டினாலும் பச்சரிசி இழக்கிற அளவுக்குப் புழுங்கல் அரிசி இழப்பதில்லை. நெல்லுக்குள் இருந்த கீறல்களும் ஒட்டிக்கொள்வதால் நொய்யும் குறையும்.

பெரிபெரி என்று ஒரு நோய் இருந்தது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் நின்றுபோகும். மில்லில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை மட்டுமே சாப்பிட்டவர்களுக்கு வந்த நோய். ஜாவாவில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசியைப் போட்டு எய்க்மான் என்ற மருத்துவர் இதன் வேரைக் கண்டார், அதற்காக 1929இல் நோபல் பரிசு பெற்றார். அன்றைய சென்னை மாகாணத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. வடக்கே தெலுங்குக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. அதே மாகாணத்தில், அதே ஆட்சியில், அவர்களைப் போலவே அரிசியே கதி என்று வாழ்ந்த தமிழ் மாவட்டங்களில் அது அரிதாகவே தென்பட்டது. அங்கே பச்சரிசி, இங்கே புழுங்கல்.

இந்த நோயை ஆராயத்தான் 1918இல் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தில், ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. மெக்காரிசனுக்குப் பின் குன்னூரில் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் அவரோடு இருந்தவர்களும் அரிசி தீட்டுவது, அவிப்பது, கழுவுவது, கஞ்சி வடிப்பது என்று ஒவ்வொரு படியிலும் சத்து எவ்வளவு போகிறது என்று அளந்து 1940இல் வெளியிட்டார்கள். இந்தியாவின் ஊட்டச்சத்து விஞ்ஞானம் எங்கிருந்து புறப்பட்டது என்று யாராவது கேட்டால், சோற்றுப் பானையிலிருந்து என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

அதே ஆய்வு நம்மைக் கண்டிக்கவும் செய்தது. அரிசியை ஏழு தரம் தேய்த்துக் கழுவுகிறோம், நிறையத் தண்ணீரில் பொங்கிக் கஞ்சியை வடித்துக் கொட்டுகிறோம். புழுக்கிச் சேர்த்த சத்தில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது. கழுநீரும் கஞ்சியும் மாட்டுக்குப் போன காலத்தில் அது பாலாகத் திரும்பி வந்தது. இப்போது சாக்கடைக்குப் போகிறது. உழவர் வீட்டு வழக்கம் எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை. அடுப்படியில் இருவரும் ஒருவரையொருவர் திருத்த வேண்டும்.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்கிறோம். வீட்டுப் பானைக்கு அது சரி. கல்யாண அண்டாவுக்கு அது செல்லாது என்று எந்தச் சமையல்காரரைக் கேட்டாலும் சொல்வார். அடியில் பாரம் அழுத்தும், ஓரத்தில் சூடு குறையும். அதனால் அவர் துடுப்பை அடிவரை விட்டு, நடுவில், ஓரத்தில், மேலே என்று பல இடத்துச் சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். மண் பரிசோதனைக்கு வயலில் மண் எடுக்கும்போது வேளாண் துறை என்ன சொல்கிறது? ஓர் இடத்தில் எடுக்காதே, வளைந்து வளைந்து போய்ப் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி எடு, எல்லாவற்றையும் கலந்து நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ கொண்டு வா. பலர் இதை வீண் சிரமம் என்று நினைத்து வரப்போரம் ஒரு பிடி அள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள். அண்டாச் சோற்றைக் காட்டி இதை விளக்கிப் பாருங்கள், ஒரே தடவையில் புரியும்.

ஆடி மாதம் நம் பக்கத்தில் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறோம். வீடு வீடாகக் கேழ்வரகும் நொய்யும் சேரும். முதல்நாளே மாவைக் கரைத்துவிடுவார்கள். ராத்திரி முழுக்கப் புளித்து, காலையில் குமிழ் விட்டு நிற்கும். நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டி விழாமல் துடுப்பு போட வேண்டும். கிண்டுகிறவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் வாங்கிக்கொள்வார். ஆறவைத்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் வைத்து, வரிசையில் வருகிற எல்லாருக்கும் ஊற்றுவார்கள். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து ஏறக்குறைய 350 மில்லிகிராம், வெள்ளை அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். ஆனால் கேழ்வரகில் பைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. இரும்பையும் சுண்ணாம்பையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும். ராத்திரி புளிக்கும்போது அதில் ஒரு பங்கு சிதைகிறது. புளிக்கவைப்பதில் இருந்த நன்மை இதுதான்.

கூழில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இன்று பல ஊரில் கூழுக்கான மாவு கடைப் பொட்டலத்திலிருந்து வருகிறது. ஊர் நிலத்தில் கேழ்வரகும் கம்பும் இல்லை. ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் பக்கத்து மேட்டு நிலத்தில் கம்பு ஆடிய காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். கூழ் ஊற்றுகிற ஊர் ஒவ்வொன்றும் அந்தக் கூழுக்கு வேண்டிய தானியத்தை ஒரு காணி நிலத்திலாவது தானே விதைத்தால் என்ன? ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்கள். போன பட்டத்தின் தானியத்தைக் கூடிக் குடித்துவிட்டு, அடுத்த பட்டத்துக்கு எதை விதைப்பது என்று அங்கேயே பேசி முடிக்கலாம்.

இனி அடுப்படியைத் தாண்டிக் குதித்த விஞ்ஞானம் என்ன ஆனது என்று பார்ப்போம். ரேஷன் கடைக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் செறிவூட்டப்பட்ட அரிசி வரத் தொடங்கியது. அரிசி மாவோடு இரும்பு, போலிக் அமிலம், பி12 சேர்த்து, இயந்திரத்தில் அரிசி வடிவத்திலேயே பிழிந்து, நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ என்று கலந்தார்கள். நாடு முழுக்க 2024க்குள் இதைக் கொடுப்போம் என்று 2021 சுதந்திர தினத்தில் பிரதமர் அறிவித்தார். இந்த அரிசி நிறத்தில் வேறு, களையும்போது சில மணிகள் மிதக்கும். சமைக்கிற அம்மாவிடம் இதை யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. என்ன நடந்தது? பிளாஸ்டிக் அரிசி என்று ஊர் ஊராகப் பயம் பரவியது. எந்த மணியில் சத்து இருக்கிறதோ அதையே பொறுக்கி எறிந்தார்கள். திட்டத்தின் மேல் நியாயமான கேள்விகள் தனியே இருக்கின்றன, ரத்தச் சிவப்பணுக் கோளாறு உள்ளவர்களுக்கு இது தேவையா என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். அதை விடுங்கள். கொடுப்பது என்று முடிவு செய்த பிறகு, சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் உதவியாளரையும் கூட்டி, ஒரு பாத்திரத்தில் பொங்கிக் காட்டி, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் அந்தப் பயம் இவ்வளவு தூரம் போயிருக்காது. அரிசி களைகிற கை நம்பவில்லை என்றால் எந்தச் சத்தும் பிள்ளையின் வயிற்றுக்குப் போகாது.

நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. நம் பகுதி கடைமடை. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளாறு பெருகினால், வீராணத்து உபரி நீரும் சேர்ந்தால், சம்பாப் பயிர் நாள் கணக்கில் மூழ்கும். ஒடிசாவில் தாழ்ந்த வயல்களில் உழவர்கள் காப்பாற்றிவந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம் இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் கிடந்தாலும் பிழைக்கும். அதற்குக் காரணமான சப்-1 மரபணுவை விஞ்ஞானிகள் 2006இல் கண்டறிந்தார்கள். ஆனால் அந்த நாட்டு நெல்லையே எல்லாரும் பயிரிடுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தந்தப் பகுதி ஜனங்கள் ஏற்கெனவே விரும்பிச் சாப்பிடுகிற ரகங்களை எடுத்து, திரும்பத் திரும்ப ஒட்டுச் சேர்த்து, வெள்ளம் தாங்கும் குணத்தை மட்டும் உள்ளே வைத்தார்கள். சோற்றின் குணம் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். நம் வயல்களில் வெகுகாலமாக இருக்கும் பொன்மணி, அதாவது சி.ஆர். 1009, இப்படித்தான் சப்-1 ரகமாக மறுபடி வந்தது. இட்லிக்கு உகந்த அதே குண்டு அரிசி, வெள்ளத்தில் பிழைக்கும் பயிர். உழவர் காத்த விதை, ஆய்வுக்கூடத்து நுட்பம், சாப்பிடுகிறவரின் விருப்பம் மூன்றுக்கும் இடம் கொடுத்ததால் அது வயலில் நின்றது.

பாரம்பரிய நெல்லைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்துவிட்டு, அரசு ஆராய்ச்சி நிலைய வேலையை உதறிவிட்டு உழவர் பக்கம் வந்தவர் நம்மாழ்வார். அவர் வழியில் நின்ற நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. 174 ரகங்களை மீட்டார் என்பார்கள். அவர் செய்த காரியத்தின் அருமை தலைமுறைக்கும் நிற்கும். ஆனால் இன்று சந்தையில் மாப்பிள்ளைச் சம்பா சர்க்கரையைத் தீர்க்கும், கருப்புக் கவுனி புற்றைத் தீர்க்கும் என்று அட்டையில் அச்சடித்து விற்கிறார்களே, அதை நான் ஏற்கவில்லை. தவிட்டோடு சாப்பிட்டால் நார்ச்சத்து உண்டு, கறுப்பு, சிவப்பு நிறத்துக்குக் காரணமான பொருள்களில் நன்மை உண்டு. வெள்ளையாகத் தீட்டிவிட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும். சாப்பிட்ட பின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்பதை நாக்கு சொல்லாது, அதற்குக் கருவிதான் வேண்டும். அண்டா சொல்ல முடிந்ததை அண்டா சொல்லட்டும், முடியாததை ஆய்வுக்கூடத்திடம் விட வேண்டும்.

கசப்பான ஒன்றையும் பேசியாக வேண்டும். ஊர் கூடிச் சமைப்பது என்று நான் பெருமையாகச் சொல்கிறேனே, அந்த ஊர் என்பது யார்? இந்த மாவட்டத்தில் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்து, தூற்றிக் கொடுத்தவர்களில் பெரும்பங்கு சேரியிலிருந்து வந்த பெண்கள். எந்த ரகம் எத்தனை தூர் கட்டும், எதில் பதர் அதிகம், எது களத்தில் உதிரும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு மிராசுதாருக்குத் தெரியாது. அவர்களைக் கோயில் மடைப்பள்ளிக்குள் விட்டோமா? கல்யாணப் பந்தியில் கூட உட்காரவைத்தோமா? வள்ளலார் அடுப்பு மூட்டியபோது சாதி பார்க்காமல் சோறு போட்டார் என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய காரியம்! சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் கல்விக்கழகம் கண்டதும் இதே மண்ணில்தான். சத்துணவுக் கூடத்தில் தலித் பெண் சமைத்தால் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்கிற சத்தம் தமிழ்நாட்டில் இன்னும் முழுதாக ஓயவில்லை. அந்தப் பெண்ணின் கை பட்ட நெல்லைத் தின்போம், அவர் பொங்கிய சோற்றைத் தின்ன மாட்டோம் என்பது எந்த நியாயத்தில் சேரும்? உழவர் அறிவு வேண்டும் என்று மேடையில் பேசிவிட்டு அந்த அறிவை வைத்திருப்பவரைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தினால் நமக்குக் கிடைப்பது பாதி அறிவு. அவர் உள்ளே வராத அடுப்படி பொது அடுப்படி ஆகாது.

ஆகவே என் வேண்டுகோளைத் திட்டமாகவே சொல்லிவிடுகிறேன். சம்பா அறுவடை முடிந்து, தை கடைசியிலோ மாசியிலோ, சேத்தியாத்தோப்புச் சுற்றுவட்டாரத்து ஊர்கள் சேர்ந்து ஒருநாள் கூட்டுச் சமையல் நடத்த வேண்டும். விருந்தோடு சோதனையும் சேர்ந்தது அது. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரே அளவுப் பாத்திரம், எடை போட்ட அரிசி, அளந்த தண்ணீர். பொன்மணி, ஆந்திரா பொன்னி, புதிதாக வந்த ரகங்கள், நாட்டு ரகங்கள் எல்லாம் வரட்டும். பாத்திரத்தில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும் போட வேண்டும். பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். சூடாக ஒருமுறை, நாலு மணி நேரம் கழித்து ஆறின பிறகு ஒருமுறை, ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்து மறுநாள் காலையில் ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை பேருக்குச் சோறு கண்டது, எவ்வளவு விறகு ஆனது, கஞ்சி எவ்வளவு வடிந்தது என்பதையும் எழுத வேண்டும்.

தீர்ப்பு சொல்கிறவர்கள் நடவுப் பெண்களும், சத்துணவுச் சமையலர்களும், கல்யாணச் சமையல்காரர்களும். அன்றைய கூலியை அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும், ஓசியில் அறிவு கேட்பது தகாது. அண்ணாமலை நகர் வேளாண் புலத்திலிருந்து ஊரக அனுபவப் பயிற்சிக்காக ஊர்களில் வந்து தங்குகிற மாணவர்கள் அன்றைக்குக் குறிப்பேட்டோடு துடுப்பையும் பிடிக்க வேண்டும். அதே அரிசியில் ஒரு பொட்டலம் ஆய்வுக்கூடத்துக்குப் போகட்டும். அமைலோஸ் எவ்வளவு, எத்தனை டிகிரியில் வேகிறது என்ற முடிவு வந்ததும் ஊர் மொழியில் எழுதி ஊருக்கே திருப்பித் தர வேண்டும். நாலு வருஷம் விடாமல் செய்தால், எந்த வயலுக்கு எந்த நெல், எந்த உலைக்கு எந்த அரிசி என்று இந்த வட்டாரத்துக்கே ஒரு கணக்குப் புத்தகம் உருவாகிவிடும்.

இப்படிச் செய்வது உலகத்தில் புதிதும் அல்ல. கீழை இந்தியாவில் நெல் ஆராய்ச்சியாளர்கள் புது ரகங்களை விவசாயிகள் வயலிலேயே விளைவித்து, பெண்களுக்குச் சமைத்துக் கொடுத்து வாக்குக் கேட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் அதிக மகசூல் தந்த மரவள்ளி ரகங்களை, மாவு இடிக்கும் பெண்கள் வேண்டாம் என்று தள்ளிய பிறகு, அவர்கள் இடித்துக் கிண்டிக் காட்டுவதையே ஆராய்ச்சியின் முதல் படியாக வைத்தார்கள். சிதம்பரத்துச் சம்பா சாதத்தையும் கொத்சுவையும் உலகத்துக்குக் கொடுத்த வட்டாரம் இதைச் செய்ய யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

வருகிற சம்பாவில் உங்கள் வயலில் விளைகிற நெல்லில், ரகம் எதுவானாலும் சரி, ஒரு மரக்கால் தனியாக எடுத்து வையுங்கள். விதைத்த தேதி, அறுத்த தேதி, வயல் மேடா பள்ளமா என்று ஒரு சீட்டில் எழுதி அந்தப் பையிலேயே போடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். மாசியில் அந்தப் பையோடு வாருங்கள், உங்கள் வயலில் நட்டவரையும் அறுத்தவரையும் கூடவே அழைத்து வாருங்கள்.